மணி உடைவது பி.எச். ஏறுவதாலா, பாஸ்பேட்டாலா?

மன்னார் வளைகுடாவில் எடுக்கும் கட்டக்கோரைப் பாசியில் அல்ஜினேட் இருக்கிறது. அதன் கரைசலைக் கால்சியம் குளோரைடில் சொட்டுச் சொட்டாக விட்டால் ஜெல் மணிகள். உள்ளே மருந்தை வைத்து விழுங்கலாம். மண்டைக்காட்டில் உட்கார்ந்து இந்த வகை ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கப் படிக்க ஒரு உறுத்தல்.

பெரும்பாலும் ஒரே சோதனைதான். முதலில் பி.எச். 1.2 அமிலம், மணி சுருங்கி அப்படியே நிற்கும். அப்புறம் பி.எச். 6.8 அல்லது 7.4 பாஸ்பேட் தாங்கல் கரைசல்; மணி உப்பி, உடைஞ்சு, மருந்து வெளியே. உடனே ‘பி.எச். உணரும் மணி’ன்னு தலைப்பு.

பொறுங்க. அங்கே ரெண்டு விஷயம் சேர்ந்து மாறியிருக்கு. பி.எச். ஏறினால் அல்ஜினேட்டின் அமிலக் குழுக்கள் எதிர்மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளும், சரி. ஆனால் சங்கிலிகளைக் கட்டிவைத்த கால்சியத்தையே பாஸ்பேட் பிடுங்கிக்கொள்ளும். எங்க கோட் ரிவ்யூவில் இப்படி ரெண்டை ஒண்ணா மாத்திட்டு ஒண்ணைக் காரணம் காட்டினா திருப்பி அனுப்பிடுவாங்க.

சிறுகுடலில் முக்கியத் தாங்கல் பைகார்பனேட், பாஸ்பேட் கொஞ்சம்தான். ஆய்வகக் குடுவையில் சீக்கிரம் உடைகிற மணி, குடலில் பாதி மருந்தோடு கடந்து போய்விடலாம். மாத்திரையை நம்பி இருப்பவருக்கு அது குறைந்த டோஸ்.

அதே பி.எச்., அதே சோடியம் அளவு, பாஸ்பேட் மட்டும் இல்லாத ஒரு கரைசல். அதில் உப்புதல் வரைபடம் ஒன்று சேர்த்திருந்தால் அந்தத் தலைப்பை ஏற்றுக்கொள்வேன்.