விரலளவு இடைவெளி

பழைய அமெரிக்க மஸில் காருக்கு, ஒரு 1969 கமாரோ என்று வையுங்கள், புதுச் சக்கரம் தேடுபவர்களின் பொறுமை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சக்கரத்தைக் குப்புறக் கிடத்தி, விளிம்பின் குறுக்கே நேரான சட்டம் ஒன்றை வைத்து, போல்ட் இறுகும் முகம்வரை எவ்வளவு ஆழம் என்று டேப்பால் அளப்பார்கள். பின்சக்கரத்தில் அந்த ஆழம் கூடினால் டயர் உள்ளே பட்டை ஸ்பிரிங்கை உரசும். குறைந்தால் வெளியே ஃபெண்டரின் மடிப்பில் மாட்டும். நடுவே விரல் நுழையும் இடம்தான்.

முன்னால் 235/60, பின்னால் 255/60, எல்லாம் 15 அங்குலச் சக்கரத்தில். பின் டயர் 24 மி.மீ. உயர்ந்து நிற்க, வண்டி பாயப்போகும் காளை மாதிரி முன்பக்கம் தாழும். 18 அங்குலம் போட்டால் பெரிய பிரேக்குக்கு இடம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் ஐந்து ஆரங்கள் கொண்ட டார்க் த்ரஸ்ட் சக்கரத்தைச் சுற்றித் தடித்த கறுப்பு ரப்பர் இருந்தால்தான் என் கண் நிறைகிறது. மாட்டியதும் ஒருவர் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடிப்பார். இன்னொருவர் குந்தி உட்கார்ந்து காதைக் கொடுப்பார். சர்ரென்று சின்ன உரசல் கேட்டாலும் மறுபடி ஜாக், மறுபடி டேப். யாரும் சலித்துக்கொள்வதில்லை.