எலிசபெத்தின் அப்பா பெயர்

தரவுத்தளங்களோடு பல வருடம் மாரடித்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. காலியாக இருக்கும் இடத்தை எப்போது வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம். தப்பாக நிரப்பியதை எடுப்பதுதான் பெரும்பாடு. அதற்குள் அது நாலு இடத்துக்குப் பிரதியாகிப் போயிருக்கும். ராபர்ட் சார்ல்ஸ் ஆண்டர்சனின் 'தி கிரேட் மைக்ரேஷன் பிகின்ஸ்' (1995) நூலை வாசிக்கும்போது இந்த நினைப்புதான் கூடவே வந்தது.

1620 முதல் 1633 வரை நியூ இங்கிலாந்தில் குடியேறிய 900க்கும் மேற்பட்ட குடும்பங்கள், மூன்று தொகுதிகள். பார்த்தால் டெலிபோன் டைரக்டரி மாதிரி இருக்கும். ஒவ்வொரு குறிப்பிலும் முதலில் பூர்விகம். பல பேருக்கு அதற்கு நேரே இருப்பது ஒரே சொல்: 'தெரியவில்லை'. இந்தப் புத்தகத்தின் சாதனை அந்தச் சொல்தான் என்பேன்.

ஏனென்றால் அந்த இடத்தைக் காசுக்கு நிரப்பிக் கொடுக்க ஆள் இருந்தது. ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த குஸ்தாவ் ஆஞ்சு, பணக்காரக் குடும்பங்களுக்கு முன்னோர்களைத் தயாரித்து விற்றார். நிஜ ஆவணங்களுக்கு நடுவே இல்லாத ஆவணங்களைச் செருகுவது அவர் பாணி. அந்த மோசடியை அலசி 1991இல் ஆண்டர்சனே கட்டுரை எழுதியிருக்கிறார்.

ஆனால் மோசடியைவிட ஆயுசு கெட்டி, நல்லெண்ணத்தில் நடக்கும் தவறுக்கு. மேஃப்ளவர் கப்பலில் வந்த ரிச்சர்ட் வாரனின் மனைவி எலிசபெத். அவர் ஜூவட் வீட்டுப் பெண், மார்ஷ் என்பவரின் விதவை என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். உண்மையில் அந்தப் பெண் அதே பெயர் கொண்ட வேறொரு ரிச்சர்ட் வாரனின் மனைவி. 2003இல் எட்வர்ட் டேவிஸ் 'தி அமெரிக்கன் ஜீனியாலஜிஸ்ட்' இதழில் சரியான விவரத்தை வெளியிட்டார். 1610இல் ஹார்ட்ஃபர்ட்ஷயரின் கிரேட் ஆம்வெல்லில் கல்யாணம். அப்பா பெயர் அகஸ்டின் வாக்கர். அவருடைய உயிலில் மகள் எலிசபெத் வாரனும் மேரி, ஆன், சாரா என்ற பேத்திகளும் வருகிறார்கள். வாரனின் மூத்த மூன்று பெண்களின் பெயர்களும் அவையே.

இதற்குப் பிறகும் இணையத்து வம்சமரங்களில் ஜூவட் சாகவில்லை. 'போனால் போகுது, ஒரு பெயர்தானே' என்று விட முடியவில்லை. எலிசபெத் 1628இல் கணவனை இழந்தார். பிளிமத் குடியேற்றத்தில் கணவருக்கு இருந்த பங்குரிமையைத் தன் பெயரில் நிலைநாட்டிக்கொண்டார். 1673இல் தொண்ணூறு தாண்டித்தான் இறந்தார். பேத்திகளைப் பெயர் சொல்லி உயில் எழுதிய அப்பா ஒருவர் அவருக்கு இருந்தார். இல்லாத முன்னோரை மரத்தில் ஏற்றும்போது, இருந்த ஒருவரைக் கீழே தள்ளுகிறோம்.

ஆண்டர்சனிடம் எனக்குக் குறையும் உண்டு. பெரும்பாலும் குடும்பத் தலைவன் பெயரில்தான் குறிப்பு. எலிசபெத் மாதிரிப் பெண்கள் அதற்குள் 'திருமணம்' என்ற வரியில் ஒடுங்கிவிடுகிறார்கள். அச்சான புத்தகம் தன்னையே திருத்திக்கொள்ளவும் முடியாது. வாக்கர் கிடைத்தது எட்டு வருடம் கழித்து.

இருந்தாலும், பெண்ணின் குடும்பப் பெயர் தெரியாத இடத்தில் ஆண்டர்சன் வெறும் கோடு போட்டு நிறுத்திவிடுகிறார். பின்னால் ஒரு வாக்கர் வந்து உட்கார வேண்டுமென்றால், அந்த இடம் காலியாக இருக்க வேண்டும்.