குருத்தோலையும் குழந்தையின் கையும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளத்தில், ஜான் டி மான்டி 1808இல் கட்டிய கார்மேல் மாதா கோவில் இன்றும் நிற்கிறது. இத்தகைய கடலோரப் பங்குகளில் பங்குனி வெயில் ஏறும் நேரத்தில் வரும் திருநாள் குருத்தோலை ஞாயிறு. காலைப் பவனியில் கையில் பிடித்த ஓலை வீட்டுக்கு வந்ததும் சிலுவையாக மடிக்கப்படும். மிஞ்சிய கீற்றுகள் பிள்ளைகள் கையில் கிளியாகவும் பாம்பாகவும் கைக்கடிகாரமாகவும் மாறும். மந்திரித்த சிலுவை சாமி படத்துக்குப் பின்னால் ஓராண்டு இருக்கும். பழைய ஓலைகளைத் திரட்டி எரித்த சாம்பல்தான் அடுத்த திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசப்படுகிறது. இயற்கைப் பொருள்களைக் கொண்டு பிள்ளைகளோடு வீட்டிலேயே விழாக் கொண்டாட வேண்டும் என்ற ஆர்வம் கேளம்பாக்கம் முதல் தாம்பரம் வரையிலான புறநகர் வீடுகளில் இன்று பெருகியிருக்கிறது. அதை எடைபோட இந்தப் பழைய வழக்கம் நல்ல அளவுகோல். ஓலையையோ பூவையோ சிப்பியையோ கையில் எடுத்துவிட்டாலே குழந்தை இயற்கையை அறிந்துவிடுவதில்லை. அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, எங்கே போய் முடிகிறது என்பது தெரியும் அளவுக்கே அந்தக் கைவினைக்குப் பயன் உண்டு.

வழக்கத்தின் வலிமையை முதலில் சொல்ல வேண்டும். ஓலை தன் போக்கில் பாடம் நடத்தும். ஈர்க்கின் வாக்கில் கிழித்தால் நேராகக் கிழியும், குறுக்கே இழுத்தால் பிய்ந்துபோகும். வாடுவதற்குள் மடிக்க வேண்டும், காய்ந்தால் முறியும். பசையும் கத்தரிக்கோலும் தேவையில்லை. மடிப்பின் வரிசை தப்பினால் சிலுவை நிற்காது. இதை ஏட்டில் படிக்க முடியாது, பாட்டியின் விரலைப் பார்த்துத்தான் பழக வேண்டும். 1937இல் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் சாரமும் இதுதான். கைத்தொழில் பாடத்தோடு ஒட்டவைத்த பொழுதுபோக்காக இருக்கக் கூடாது, அதன் வழியாகவே மற்ற அறிவு வர வேண்டும் என்றார் அவர். கொங்கு நாட்டில் போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்துக் கட்டும் காப்புக்கும் இதே குணம் உண்டு. எந்தச் செடி எந்த மாதத்தில் பூக்கும் என்பதைக் குழந்தை அந்தக் கட்டிலிருந்தே தெரிந்துகொள்கிறது. கட்டியது வாடும், மண்ணோடு போகும். அடுத்த ஆண்டு புதிதாகக் கட்ட வேண்டும்.

இதே வழக்கத்தின் குறை, மரம் கண்ணுக்குத் தெரியாமல் போவது. நகரத்துப் பிள்ளை குருத்தோலையைக் கோவில் வாசலில் கட்டுக்கட்டாகத்தான் பார்க்கிறது. தென்னை ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு மட்டைதான் விடும், ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை வரும் என்பதை யாரும் அதற்குச் சொல்வதில்லை. தென்னைக்கும் பனைக்கும் வளரும் முனை உச்சியில் ஒன்றே ஒன்று. குருத்தை அளவோடு எடுத்தால் மரம் தாங்கும், வெட்டு ஆழ இறங்கி அந்த முனையில் பட்டால் மரமே போய்விடும். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கும் அளவுக்கு அதன் நிலை வந்துவிட்டது.

வீட்டுக்கு ஒரு கீற்று எடுப்பதால் என்ன குறைந்துவிடும், மனைப்பிரிவுகளுக்காகச் சாய்த்த மரங்களைப் பற்றியல்லவா பேச வேண்டும் என்று கேட்கலாம். மனைப்பிரிவுகள் செய்த சேதம் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் சின்னச் சின்னக் கைகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொலம்பியா சான்று. அங்கே மலைக்காடுகளில் வளரும் மெழுகுப் பனையின் குருத்துதான் இந்த ஞாயிற்றுக்கு வெட்டப்பட்டது. அந்த மரத்தையே நம்பிக் கூடு கட்டும் மஞ்சள் காதுக் கிளியும் சேர்ந்து அழிவின் விளிம்புக்குப் போனது. 1985இல் அந்தப் பனை தேசிய மரமாக அறிவிக்கப்பட்டுப் பாதுகாப்புப் பெற்றது. பின்னர் திருச்சபையே முன்வந்து மாற்று இலைகளைப் பிடிக்கச் சொன்னது. பக்தி குறையவில்லை. கடற்கரைச் சிப்பிக்கும் இதே கணக்குத்தான். ஸ்பெயின் நாட்டுக் கடற்கரை ஒன்றில் சுற்றுலாப் பயணிகள் பெருகிய மூன்று பத்தாண்டுகளில் சிப்பிகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கோவளம் கடற்கரைக்கு விடுமுறை நாளில் வரும் குடும்பங்கள் பை நிறையச் சிப்பி பொறுக்கிப் படச்சட்டம் செய்யும்போது, காலிச் சங்கைத் தேடி அலையும் முனிவர் நண்டைப் பற்றியும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொரு குறை, வேலை யார் கைக்குப் போகிறது என்பதில் இருக்கிறது. பெட்டியில் வாங்கிய கைவினைத் தொகுப்பு, தெர்மாகோல், மினுமினுப்புத் தூள், பசைத் துப்பாக்கி என்று வந்துவிட்டால், இலையும் பூவும் வெறும் அலங்காரமாகின்றன. பொருள் அழகாக வர வேண்டும் என்ற அவசரத்தில் பெரியவர்கள், பெரும்பாலும் அம்மாக்கள், செய்து முடிக்கிறார்கள். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு செல்பேசிக்கு முகம் காட்டுகிறது. கோணலான சிலுவையை மடித்த பிள்ளை கற்றதில் பாதிகூட இந்தப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. பிளாஸ்டிக் பூசிய பின் அது மண்ணுக்கும் போகாது, சாம்பலுக்கும் ஆகாது.

அடுக்குமாடியில் ஓலைக்கு எங்கே போவது, இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இதற்கு நேரம் ஏது என்ற கேள்வி நியாயமானது. விடை தெருவிலேயே இருக்கிறது. பின்பனி முடிந்து இளவேனில் தொடங்கும் இந்த நாள்களில்தான் புங்கமரம் பழைய இலையை உதிர்த்துத் தளிர்விடுகிறது, வேம்பு பூக்கிறது. உதிர்ந்ததைப் பொறுக்கிக் கோலத்துக்குக் கரை கட்டலாம். வேப்பம்பூவை உலர்த்திச் சித்திரைப் பிறப்பன்று பச்சடியில் சேர்க்கலாம். குடியிருப்பில் தென்னையைக் கழிக்கும் நாளில் விழும் மட்டையே ஒரு மாடிக்குப் போதும். பழுத்த ஓலை சிலுவைக்கு வளையாதுதான், ஆனால் ஈர்க்குக்கும் எளிய முடைதலுக்கும் ஆகும். கூடுதலாக வேண்டுவோருக்கு முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் கைவினைஞர்களின் கைவேலையை நேரில் பார்க்க முடியும். வழிபாட்டுப் பொருளை விளையாட்டாக்கலாமா என்று தயங்குவோர் பழைய வழக்கத்தையே பார்க்கட்டும். மந்திரித்த சிலுவை படத்துக்குப் பின்னே போகிறது, மிஞ்சிய கீற்றுதான் கிளியாகிறது. அந்தப் பிரிவினையை முன்னோர் தெளிவாகவே வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, விழாக் கைவினையை விட்டுவிடத் தேவையில்லை, நிபந்தனையோடு வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் மரத்தைக் காட்டுங்கள், பிறகு ஓலையைக் கொடுங்கள். உதிர்ந்தது, கழித்தது, மிஞ்சியது இவற்றிலிருந்து தொடங்குங்கள். கோணலாக வந்தாலும் பிள்ளையே முடிக்கட்டும். காய்ந்த பின் அதை எங்கே போட வேண்டும் என்பதையும் பிள்ளையையே கேளுங்கள். பங்குகளில் குருத்தோலைக்கு ஏற்பாடு செய்பவர்கள், குருத்து வெட்டும் தென்னைக்கு ஈடாக ஒரு பனங்கொட்டையையாவது பிள்ளைகள் கையால் ஊன்றச் செய்தால், இந்தத் திருநாளின் கணக்கு நேராகும்.