தேர்வறையின் இரவல் கை

பார்வையற்ற மாணவர் விடையைச் சொல்ல, அருகில் அமர்ந்திருக்கும் இன்னொருவர் அதை விடைத்தாளில் எழுதும் ஏற்பாடு, அதாவது அரசு ஆணைகளில் ‘சொல்வதை எழுதுபவர்’ என்றும் மாணவர் பேச்சில் ‘ஸ்கிரைப்’ என்றும் வழங்கும் முறை, மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளிப்புத் துறை 2025 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதல்களால் மீண்டும் சர்ச்சைக்கு உள்ளாகியிருக்கிறது. தேர்வர் தாமே ஒருவரை அழைத்துவரும் வழக்கத்தைப் படிப்படியாகக் கைவிட்டு, தேர்வு நடத்தும் அமைப்புகளே எழுதுபவர்களின் குழு ஒன்றை உருவாக்கி வைத்திருக்க வேண்டும் என்பது அவ்வழிகாட்டுதல்களின் முக்கியமான மாற்றம். முறைகேட்டைத் தடுக்க இது தேவை என்கிறார்கள் ஒரு சாரார். தம் குரலுக்கும் வேகத்துக்கும் பழகிய ஆளை இழந்தால் தேர்வர் தேர்வறையில் தவித்துப்போவார் என்கிறார்கள் மறு சாரார். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எழுதும் கை யாருடையதாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு தீவிரமாக வாதிடும் இரு சாராரும், பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் படித்த ஒருவரால் தேர்வறையில் ஒரு பத்தியைக்கூடத் தாமே எழுத முடியாமல் போவது ஏன் என்ற கேள்வியைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள்.

இம்முறையால் விளைந்த நன்மையை மறுக்க வேண்டியதில்லை. இன்று தமிழ்நாட்டில் ஆசிரியர்களாகவும் பேராசிரியர்களாகவும் வங்கி அலுவலர்களாகவும் பணிபுரியும் பார்வையற்றவர்களில் பெரும்பாலோர் இதன் வழியாகவே பட்டம் பெற்றார்கள். சட்டமும் அதற்கு வலுச்சேர்த்து வந்திருக்கிறது. ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடம் வீதம் ஈடுசெய் நேரம் வழங்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் வரையறுத்தன. எழுதும்போது கை விரல்கள் இறுகிவிடும் குறைபாடுள்ள விகாஷ் குமார் என்ற தேர்வர் தொடுத்த வழக்கில், 40 விழுக்காடு என்ற ஊன அளவுகோலை எட்டாதவருக்கும் இவ்வுதவியை மறுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கும், இரு கைகளையும் இழந்தவர்களுக்கும், நடுவயதில் பார்வையிழந்து புதிதாக ஓர் எழுத்துமுறையைக் கற்க அவகாசம் இல்லாதவர்களுக்கும் பெரும்பாலும் இதைத் தவிர வேறு வழியே இல்லை. குறை அவர்களைப் பற்றியதன்று. ஆறு வயதில் பள்ளியில் சேர்ந்த, கைவிரல்கள் நன்றாக இயங்கும் பார்வையற்ற குழந்தையைப் பற்றியது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படிப்பவருக்கு ஒரு செய்தி விளங்கும். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவை அப்பிரிவின் கடைசிக் கூறுகளில் ஒன்றாகவே வருகின்றன. அதற்கு முன்பே, பிரெயிலும் சைகை மொழியும் அறிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்துப் பணியில் அமர்த்துவது, பள்ளிகளுக்குத் துணைநிற்கும் வள மையங்களைப் போதிய எண்ணிக்கையில் நிறுவுவது, பதினெட்டு வயது வரை நூல்களையும் கற்றல் கருவிகளையும் இலவசமாக வழங்குவது ஆகிய கடமைகளை அது அரசின்மீது சுமத்துகிறது. சட்டம் வகுத்த வரிசையில், முதலில் குழந்தைக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்; அதன் பிறகும் தேர்வறையில் இடர் இருந்தால் அதை நீக்க வேண்டும். நடைமுறை இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. கடைசியில் வரும் சலுகை ஆண்டுதோறும் தவறாமல் நிறைவேறுகிறது. முன்னால் நிற்கும் கடமைகளோ, கடைசிச் சலுகை கிடைத்துவிடுகிறது என்ற தைரியத்திலேயே தள்ளிப்போடப்படுகின்றன. வட்டார வள மையத்தில் ஒப்பந்த ஊதியத்தில் பணிபுரியும் சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்குப் பொறுப்பேற்று ஊர் ஊராகச் செல்கிறார். அவர் வாரத்தில் ஒருநாள் வந்தாலும், அந்த ஒருமணி நேரத்தில் பிரெயில் புள்ளிகளைக் குழந்தையின் விரல் நுனிக்குப் பழக்கிவிட முடியாது. தொடக்க வகுப்புகளில் 10 மாணவருக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 மாணவருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறிய பின்பும், எழுத்தறிவிக்கும் ஆசிரியர் இல்லாததற்காக எந்தப் பள்ளியும் தேர்வுக் காலத்தில் நெருக்கடிக்கு ஆளாவதில்லை. எழுதுபவர் வந்துவிடுகிறார், தேர்வு நடந்துவிடுகிறது, தேர்ச்சி விழுக்காடும் கணக்கில் ஏறிவிடுகிறது.

எழுதுதல் என்பது தலைக்குள் முடிந்துபோன விடையைத் தாளுக்கு ஏற்றிவைக்கும் கூலிவேலை என்ற எண்ணமே இம்முறையின் அடித்தளம். ஒரு வாக்கியத்தை எழுதி, திரும்பப் படித்து, பாதியை அடித்து, மேலே ஒரு சொல்லைச் செருகி, அடுத்த வாக்கியத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளும் செயலில்தான் பெரும்பாலோருக்குச் சிந்தனையே ஒழுங்குபெறுகிறது. சொல்லி எழுதவைக்கும் மாணவருக்கு இவ்வசதி பெயரளவில் உண்டு, நடைமுறையில் இல்லை. “முதல் பத்தியை ஒருமுறை படியுங்கள்” என்று அவர் கேட்கலாம். இரண்டாம் முறை கேட்கும்போது எழுதுபவரின் குரலில் சலிப்பு தெரியும். மூன்றாம் முறை கேட்க அவரே துணியமாட்டார். ஆகவே திருத்தம் தேவைப்படாத விடைகளையே, அதாவது மனப்பாடம் செய்து ஒரே மூச்சில் ஒப்பிக்கக்கூடிய விடைகளையே அவர் தேர்ந்தெடுக்கப் பழகுகிறார். பார்வையற்ற மாணவர்களின் நினைவாற்றலை வியந்து பேசும் ஆசிரியர்கள், அந்த நினைவாற்றலில் ஒரு பகுதி இத்தேர்வு முறை அவர்கள்மீது திணித்த கட்டாயம் என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை.

எழுத்துப்பிழைச் சிக்கல் இன்னும் ஆழமானது. வலி, வளி, வழி ஆகிய மூன்றும் இன்றைய பேச்சில் பலர் வாயில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ‘வளிமண்டலம்’ என்ற கலைச்சொல்லைச் செவிவழியாக மட்டுமே அறிந்த மாணவருக்கு அதில் வருவது எந்த எழுத்து என்று தெரியாது; தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் எழாது, ஏனெனில் எழுதுபவர் தமக்குத் தெரிந்தபடி எழுதிவிடுவார். எழுதுபவருக்குத் தமிழ் நன்றாக வந்தால் மாணவர் செய்யாத முயற்சிக்கு மதிப்பெண் கிடைக்கிறது; வராவிட்டால் மாணவர் செய்யாத பிழைக்கு மதிப்பெண் குறைகிறது. இங்கிலாந்தின் பொதுத்தேர்வுகளில், எழுத்துக்கூட்டலுக்கென ஒதுக்கிய மதிப்பெண்ணை எழுதுபவரின் துணையோடு எழுதும் மாணவர் பெற வேண்டுமானால், சொற்களை எழுத்தெழுத்தாகத் தாமே சொல்லியாக வேண்டும். அது கடுமையான விதியாகத் தோன்றினும், அம்மாணவருக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் அதைப் பள்ளி கற்பித்திருக்க வேண்டும் என்றும் கருதும் ஒரு மரியாதை அதில் இருக்கிறது. ல, ள, ழ மூன்றுக்கும் பிரெயிலில் தனித்தனிப் புள்ளிக் கோலங்கள் உண்டு. அவற்றை ஒரு முறை தொட்டுப் படித்த குழந்தைக்கு, காதால் மட்டும் கேட்ட பட்டதாரியைத் தடுமாறவைக்கும் இச்சிக்கல் சிக்கலாகவே தோன்றாது.

கணிதத்தில் நிலைமை மேலும் மோசம். “வர்க்கமூலம் எக்ஸ் கூட்டல் மூன்று” என்று மாணவர் சொன்னால், மூலக்குறியின் கூரை எக்ஸோடு நிற்கிறதா, மூன்றையும் சேர்த்து மூடுகிறதா என்பதை எழுதுபவரே முடிவுசெய்கிறார். தேர்வர் தாமே அழைத்துவரும் எழுதுபவரின் கல்வித்தகுதி தேர்வரின் தகுதியைவிட ஒருபடி குறைவாக இருக்க வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின் விதியாக இருந்தது. விடை சொல்லிக்கொடுத்துவிடுவாரோ என்ற அச்சத்தில் பிறந்த இவ்விதியின்படி, தொகையீட்டுக் குறியை அறியாதவரிடம் தொகையீட்டுக் கணக்கைச் சொல்லி எழுதவைக்க நேர்ந்தது. பத்தாம் வகுப்புக்குப் பின் பார்வையற்ற மாணவர்கள் வரலாற்றுப் பிரிவுக்கே அனுப்பப்படுவதற்கு வரைபடங்களையும் செய்முறைத் தேர்வையும் காரணமாகச் சொல்வது வழக்கம். கணக்கைப் போட்டுப் பார்ப்பதற்கென்று அவர்களுக்கு ஒரு தாள்கூட இல்லை என்ற காரணத்தை எவரும் சொல்வதில்லை.

பார்வையற்றோர் கல்வியின் பழைய வரலாறு இவ்வளவு வறியதாக இல்லை. பாளையங்கோட்டையிலும் பூவிருந்தவல்லியிலும் சிறப்புப் பள்ளிகள் தொடங்கிய காலத்திலிருந்து, பிரெயில் ஸ்லேட்டில் தாளைப் பொருத்தி, ஸ்டைலஸ் என்னும் சிறு ஊசியால் வலமிருந்து இடமாகப் புள்ளிகளைக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாக விரலால் படிப்பது அங்கு அன்றாட வேலை. டெய்லர் சட்டம் என்னும் கணக்குப் பலகையின் குழிகளில் உலோக அச்சுகளைத் திருப்பித் திருப்பி நட்டு வகுத்தலும் பெருக்கலும் செய்வது கணித வகுப்பு. குடும்பத்தைப் பிரியாமல் உள்ளூர்ப் பள்ளியில் படிக்கலாம் என்ற ஒருங்கிணைந்த கல்விக் கொள்கை அக்குழந்தைகளுக்கு ஒரு பெரும் நன்மையைச் செய்தது. கூடவே, ஸ்லேட்டும் அதைக் கற்பிக்கும் ஆசிரியரும் இல்லாத வகுப்பறையில் அவர்களை உட்காரவைத்தது. இதைவிட விந்தையானது சிறப்புப் பள்ளி மாணவரின் நிலை. பத்தாண்டுகள் பிரெயிலில் குறிப்பெடுத்து, பிரெயிலில் வீட்டுப்பாடம் செய்த மாணவரும் பொதுத்தேர்வு என்று வந்தவுடன் அந்த எழுத்தை வாசலில் விட்டுவிட்டு, முன்பின் அறியாத ஒருவரிடம் வாய்மொழியாக விடை சொல்கிறார். பிரெயில் விடைத்தாளைத் திருத்த ஆள் வேண்டுமே என்ற நிர்வாகச் சிக்கலுக்கு, மாணவரின் எழுத்தறிவையே செல்லாததாக்குவது தீர்வாகக் கொள்ளப்பட்டிருக்கிறது.

மாற்று வழி இல்லை என்று சொல்லவும் இடமில்லை. பிரெயில், கணினி, பெரிய எழுத்து அச்சு, விடையைக் குரலாகப் பதிவுசெய்தல் ஆகியவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற உரிமை தேர்வருக்கே உண்டு என்றும், கணினியைத் தேர்ந்தெடுப்பவர் அதை முந்தைய நாளே இயக்கிப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்றும் அதே 2018ஆம் ஆண்டு ஆவணம் சொன்னது. திரையில் உள்ளதைக் குரலாக மாற்றித் தரும் திரைவாசிப்பு மென்பொருள்களில் ஒன்றான என்விடிஏ, ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் இருவர் 2006இல் தொடங்கிய முயற்சி. அது இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் படிக்கிறது. தட்டச்சு செய்யும்போது ஒவ்வோர் எழுத்தையும் சொல்லிக் காட்டுவதால், ளகரமா ழகரமா என்பதை மாணவரே கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். தமிழ்நாட்டு அரசு உயர்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் என்ற பெயரில் கணினிகள் வந்துவிட்டன. இடையூறு வேறிடத்தில் இருக்கிறது. தமிழ்ப் பாடக் குறிப்புகளும் மாதிரி வினாத்தாள்களும் இன்னும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சாகிப் பிடிஎஃப் கோப்புகளாகச் சுற்றிவருகின்றன. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று திரையில் தெரியும் சொல் கணினிக்குள் வெறும் ஆங்கில எழுத்துகளின் வரிசையாகவே இருப்பதால், மென்பொருள் அதை “ஜே, கே, பி, ஓ, செமிகோலன்” என்று ஒப்பிக்கிறது. ஒருங்குறியே அரசின் தரம் என்று தமிழ்நாடு அரசு 2010இல் அறிவித்துவிட்டது. ஆசிரியர்களிடையே கைமாறும் குறிப்புகளைத் திறந்து பார்த்தால் அந்த அறிவிப்பு அவற்றை எட்டியதாகத் தெரியவில்லை.

கணினியில் தேர்வெழுதவைக்க ஏழெட்டு ஆண்டுப் பயிற்சி வேண்டும், அணுகத்தக்க நூல்கள் வேண்டும், தேர்வறையில் மின்சாரமும் மென்பொருளும் ஒழுங்காக இயங்க வேண்டும். எழுதுபவர் முறைக்குத் தேவை ஒரு நாற்காலியும் ஒருநாள் படியும்தான். இம்முறை மற்ற எல்லா வழிகளையும் வென்று நிலைத்ததற்கு இந்த மலிவைத் தவிர வேறு காரணம் காட்டுவது கடினம். அந்த மலிவும் அரசுக்கு மட்டுமே உரியது. கல்லூரியில் பருவத்துக்குப் பருவம் எழுதுபவரைத் தேடி அலைவதும், பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் கொடுப்பதும், காலை ஒன்பது மணிக்கு அவர் வராமல்போனால் கைபேசியை வைத்துக்கொண்டு வாயிலில் நிற்பதும் மாணவரின் பாடு. தேர்வுக் காலத்தில் தன்னார்வ எழுதுபவர்களைத் திரட்டும் அறிவிப்புகளும், அவர்களைப் பாராட்டும் செய்திகளும் பெருகிவருவது இந்நிலைக்கு ஒரு புனித ஒளியைத் தந்திருக்கிறது. அத்தன்னார்வலர்களின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆனால் மூன்று மணி நேரம் ஒரு மாணவருக்குக் கையாக இருந்தவர் கௌரவிக்கப்படும் மேடையில், அம்மாணவருக்குத் தட்டச்சு கற்பித்த பயிற்றுநர் அமர்த்தப்பட்டதாகக் கேள்விப்படுவது அரிது. ஒரு சமூகம் எதைச் சேவை என்று கொண்டாடுகிறதோ அதைக் கடமையாக மாற்ற அவசரப்படுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இங்கே எழும் மறுப்பு எதிர்பார்க்கத்தக்கதே: இன்று பள்ளியில் இருக்கும் குழந்தைகளுக்குப் பயிற்சி இல்லாதபோது எழுதுபவரைக் குறைகூறினால், அரசு அதையே சாக்காக்கி உள்ளதையும் பறித்துவிடாதா? பறித்துவிடக்கூடும், சலுகையைச் சுருக்குவதில் நிர்வாகங்களுக்கு உள்ள வேகம் அறிந்ததே. ஆகவே எந்தத் தேர்வருக்கும் எழுதுபவரை மறுப்பது தீர்வாகாது. செய்யக்கூடியது வேறொன்று உண்டு. பொதுத்தேர்வுக்கு எழுதுபவர் கோரிப் பள்ளி அனுப்பும் விண்ணப்பத்தில் மாணவரின் ஊனச் சான்றோடு இன்னொரு விவரமும் கட்டாயமாக்கப்பட வேண்டும்: ஒன்றாம் வகுப்பிலிருந்து அவருக்குப் பிரெயிலோ தட்டச்சோ கற்பித்தவர் யார், எந்த வகுப்புகளில், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற விவரம். அப்பகுதி வெற்றிடமாக இருந்தாலும் மாணவருக்கு எழுதுபவர் கிடைக்க வேண்டும். வெற்றிடத்துக்கான விளக்கத்தைப் பள்ளித் தலைமையாசிரியரும் வட்டார வள மையமும் கையொப்பமிட்டு எழுத்தில் தர வேண்டும்.