பொதுப்பாயிரமும் இன்றைய வகுப்பறையும்

முன்னுரை

தமிழ் இலக்கணம் பயில்வார் யாவரும் நன்னூலின் வாயிலிலேயே பொதுப்பாயிரத்தைக் காண்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய இந்நூலில், எழுத்திலக்கணம் தொடங்குமுன் 55 நூற்பாக்கள் பாயிரமாக அமைந்துள்ளன. நூலின் இயல்பு, ஆசிரியன் இயல்பு, கற்பிக்கும் முறை, மாணாக்கன் இயல்பு, கற்கும் முறை என்னும் ஐந்தும் ஆண்டு வகுத்துரைக்கப்படுகின்றன. கல்வியியல் என்றொரு துறை தனியே தோன்றாத காலத்தில் கற்றல் கற்பித்தலைப் பற்றி இத்துணைச் செறிவாக எண்ணிய மரபு தமிழுக்கு உண்டென்பது நாம் பெருமையுற வேண்டிய செய்தியே.

ஆயினும் பெருமை கொள்ளுதல் வேறு, ஆராய்தல் வேறு. அனைவரையும் உள்ளடக்கிய கல்வி என்னும் கொள்கை இன்று சட்டமாகவும் பள்ளி நடைமுறையாகவும் நிற்கின்றது. 1994ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டுச் சலமான்காவில் கூடிய உலக மாநாடு அக்கொள்கையை அறிவித்தது. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதனை வலியுறுத்தின. இக்கொள்கைக்கு வேர் தேடுவார் சிலர் பொதுப்பாயிரத்தைக் காட்டி, 'இவையெல்லாம் நம் முன்னோர் அன்றே மொழிந்தவை' என்பர். வேறு சிலர் அதே பாயிரத்தைக் காட்டி, 'விலக்குதலே நம் மரபு' என்பர். இருசாராரும் பாயிரத்தின் ஒரு பாதியையே படித்தனர் என்பது இக்கட்டுரையின் துணிபு.

பாயிரத்தின் இரு குரல்கள்

கற்பிக்கும் முறை பற்றிப் பவணந்தியார் கூறுவனவற்றை முதற்கண் நோக்குவோம். ஆசிரியன் இடமும் காலமும் அறிந்து அமர்தல் வேண்டும்; சொல்லப்புகும் பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்துக்கொள்ளல் வேண்டும்; விரைதலும் வெகுளுதலும் ஆகா; விருப்பமும் மலர்ந்த முகமும் வேண்டும். இவற்றினும் சிறந்தது ஒன்றுண்டு. மாணாக்கன் எவ்வாறு ஏற்கவல்லானோ அதனை அறிந்து, அவன் உள்ளம் கொள்ளுமாறு, கோணாத நெஞ்சோடு வழங்குக என்பது அது. மாணாக்கனுக்கு ஏற்பப் பாடம் வளைய வேண்டுமேயன்றிப் பாடத்துக்கு ஏற்ப மாணாக்கன் ஒடிதல் கூடாது என்னும் கருத்து இதனுள் அடங்கியுள்ளது.

இனி மாணாக்கன் இயல்பு கூறும் பகுதியை நோக்குவோம். கற்பித்தற்கு உரியவர் அறுவர் என்பது முதற் செய்தி. நூலாசிரியனின் மகன், அவன்றன் ஆசிரியனின் மகன், அரசன் மகன், பொருள் மிகக் கொடுப்போன், வழிபடுவோன், சொல்லியதைக் கொள்ளவல்லோன் என்போர் அவர். இவ்வறுவருள் மூவர் பிறப்பால் இடம் பெற்றனர். ஒருவன் செல்வத்தால் பெற்றான். ஒருவன் பணிவால் பெற்றான். அறிவுத்திறம் ஒன்றனாலேயே இடம் பெற்றவன் இறுதியில் நிற்கும் ஒருவனே. அடுத்துக் கற்பிக்கலாகாதார் என்றொரு பட்டியல் வருகின்றது. களிப்பேறியவன், சோம்பன், கள்வன், சினமுடையான் முதலியோரோடு நோயாளியும், ஏழையும், உறங்குபவனும், மந்தனும் அதன்கண் வைக்கப்பட்டுள்ளனர். எண்ணின் பதினைவராவர். அவருள் பெரும்பாலோர் ஆண்பாற் சொல்லாலேயே சுட்டப்படுகின்றனர். பெண் கற்பாள் என்னும் நினைவு ஏற்போர் பட்டியலிலும் இல்லை. விலக்குவார் பட்டியலிலும் இல்லை.

ஈண்டு ஏழை என்னும் சொல் தனியே நோக்கற்பாலது. இன்றைய வழக்கில் அது பொருளற்றவனைக் குறிக்கும். பழைய வழக்கில் அறிவில்லாதவனைக் குறிக்கும். பொருளற்றவன் எனக் கொள்ளின், பொருள் மிகக் கொடுப்போனுக்குத் திறந்த வாயில் இவனுக்கு அடைபட்டது என்றாகும். அறிவில்லாதவன் எனக் கொள்ளின் வினா இன்னும் கடுமையாகின்றது. அறியாமை உடையவனுக்கன்றோ ஆசிரியன் வேண்டும்? அறிந்தவனுக்கே அறிவிப்பது ஆசிரியத் தொழில் ஆகுமா? எப்பொருள் கொண்டு நோக்கினும், ஏற்பவன் திறம் அறிந்து வழங்குக என்ற முன்னைய விதியோடு இவ்விலக்கு முரணுவதை மறைத்தல் இயலாது.

பவணந்தியார் சமண முனிவர் என்பதையும் மறத்தலாகாது. உணவு, அடைக்கலம், மருந்து, நூலறிவு என்னும் நான்கு கொடைகளைச் சமணம் போற்றும். மருந்துக் கொடைக்கு உரியவன் நோயாளி. அவனே அறிவுக்கொடைக்கு உரியனல்லன் என விலக்கப்படுவது அச்சமய அறத்தின் நோக்கோடும் இயையவில்லை.

மற்றொரு பட்டியல்

இவ்விலக்கு தமிழ் மரபு முழுவதற்கும் பொதுவானதா என்பது அடுத்த வினா. தொல்காப்பியப் பாயிர உரையில் நச்சினார்க்கினியர் இப்பொருள்மேல் வேறு சில பழம்பாடல்களை எடுத்துக் காட்டுகின்றார். ஆண்டு நூல் கற்றற்கு ஆகாதார் எண்மரே. சோம்பலும் செருக்கும் மறதியும் சினமும் களவும் காமமும் தடுமாற்றமும் அவர்க்குரிய குறைகள். அவரோடு நோயாளியும் எண்ணப்படுகிறான். ஆனால் மந்தன் அப்பட்டியலில் இல்லை, ஏழை இல்லை, உறங்குபவனும் இல்லை. நோயாளி நீங்கலாக, அங்குக் கூறப்பட்டவை பெரும்பாலும் ஒருவன் முயன்றால் திருத்திக்கொள்ளத்தக்க ஒழுக்கக் குறைகள். பிறவியிலேயே மெல்ல அறியும் இயல்பு ஒரு குற்றமாக அங்கு எண்ணப்படவில்லை.

இதனினும் வியப்புக்குரியது நெய்யரி உவமை. நன்னூல் மாணாக்கரை மூவகைப்படுத்தும். அன்னமும் பசுவும் போல்வார் முதல்வர். மண்ணும் கிளியும் போல்வார் இடையர். பொள்ளற்குடம், ஆடு, எருமை, நெய்யரி போல்வார் கடையர். நல்ல நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைத் தன்பால் நிறுத்திக் கொள்வதால் நெய்யரி கடைமாணாக்கனுக்கு உவமையாயிற்று. நச்சினார்க்கினியர் காட்டும் பாடலிலோ அதே நெய்யரி, அன்னத்தோடும் கிளியோடும் சேர்த்து நன்மாணாக்கனுக்கு உவமையாக வைக்கப்பட்டுள்ளது. கசட்டைத் தடுத்து நெய்யைத் தூயதாக்குவது அரியின் தொழிலாதலின் அவ்வாறு கொண்டனர் போலும்.

கருவி ஒன்றே, செயலும் ஒன்றே. ஒரு புலவர் கண்ணுக்கு அது குற்றம். மற்றொரு புலவர் கண்ணுக்கு அது குணம். அரியில் தங்கியதை நோக்கினார் ஒருவர். அரியின் கீழ் வீழ்ந்ததை நோக்கினார் மற்றொருவர். மாணாக்கர் பாகுபாடு மாணாக்கனிடத்து மட்டும் இல்லை. பாகுபடுத்துவார் நிற்கும் இடத்திலும் உள்ளது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறு வேண்டா. வகுப்பில் ஓயாது வினவும் சிறுவனை ஓராசிரியர் 'குழப்பக்காரன்' என்பார். மற்றோராசிரியர் 'ஆராயும் உள்ளத்தன்' என்பார். தெளிந்த நீரைக் கலக்கும் எருமை என்று அவனை ஒதுக்குமுன், நாம் நிற்கும் கரை யாது என்று நோக்குதல் நன்று.

குடமும் குண்டிகையும்

பாயிரம் மாணாக்கரை மட்டும் இழித்துரைக்கவில்லை. ஆசிரியர் ஆகாதாரையும் நான்கு உவமைகளால் சுட்டுகின்றது. கழற்காய் இட்ட குடம், மடல் சூழ்ந்த பனை, பஞ்சடைத்த குண்டிகை, வளைந்த தென்னை என்பன அவை. முறைமாறிக் கொட்டுவது குடம். தானே உதிர்த்தாலன்றி அணுகவிடாதது பனை. சிறிது சிறிதாகப் பிதுக்கித் தருவது குண்டிகை. நீர் ஊற்றியவனை விட்டு வேலிக்கு அப்பால் காய் உதிர்ப்பது தென்னை. இந்நான்கும் கொடுக்கும் முறையில் உள்ள குறைகள்.

உரையாசிரியர்கள் இவ்விரு வகை உவமைகளையும் தனித்தனியே விளக்கிச் சென்றனர். இவற்றை எதிரெதிர் வைத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். முறைமாறிக் கொட்டும் ஆசிரியன் முன் எக்குடமும் பொள்ளற்குடமாகவே தோன்றும். பஞ்சுபோல் பிய்த்துத் தருவான் முன் எம்மாணாக்கனும் இங்கொரு தழை அங்கொரு தழை கறிக்கும் ஆடாகவே தோன்றுவான். மாணாக்கன் குறையெனப் பேசப்படுவதில் ஆசிரியன் குறை எத்துணை என்று பிரித்தறியும் கருவியைப் பாயிரமே தந்துள்ளது. நாம்தாம் அதனைப் பயன்படுத்தவில்லை.

கற்கும் முறை பற்றிய பகுதி இதனை மேலும் வலியுறுத்தும். ஒருமுறை கேட்டதனோடு அமையாது இருமுறை கேட்பின் பிழை நீங்கும். மும்முறை கேட்பின் பிறர்க்கு எடுத்துரைக்கும் ஆற்றல் வரும் என்கின்றார் பவணந்தியார். ஆசிரியன்பால் நன்கு கேட்டவனும் நாலில் ஒரு பங்கே பெறுவான். உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு பங்கு பெறுவான். எஞ்சிய இரு பங்கும் தான் பிறர்க்கு விரித்துரைப்பதனால் வரும் என்கின்றார். வினவுதலும் விடையிறுத்தலும் கற்றலின் உறுப்புக்கள் என்கின்றார். இன்றைய கல்வியியலார் உடன்பயில்வோர் கற்றல் என்று போற்றுவது இதுவே. 1789ஆம் ஆண்டு முதல் சென்னை ஆண்பிள்ளைகள் விடுதியில் பணியாற்றிய ஆண்டுரூ பெல், நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த பிள்ளைகள் இளையோர்க்குக் கற்பித்த முறையைக் கண்டு கைக்கொண்டு, 1797இல் அதனை இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டமை வரலாறு அறிந்தது.

மூன்றாம் முறை கேட்டபின் தெளிபவன் எவன்? மந்தன் என்று விலக்கப்பட்டவன் அவனே அல்லனோ? உடன்பயில்வார் துணையால் ஒரு பங்கு பெறுதல் மெல்ல அறிவானுக்கன்றோ பெரிதும் உதவும்? கற்கும் முறை கூறிய பகுதி, மாணாக்கனை விலக்கிய பகுதிக்கு மருந்தாக அமைந்துள்ளது.

தடையும் விடையும்

ஈண்டு ஒரு தடை எழும். பாயிரம் கூறுவது எழுத்தறிவுக்குரிய தொடக்கக் கல்வி அன்று. இலக்கண நூல் கேட்கும் உயர்கல்வி. அதற்குத் தகுதி நோக்குதல் இன்றைய பல்கலைக்கழகத்திலும் உண்டு; ஆகவே அதனைப் பள்ளி வகுப்பறைக்கு ஏற்றி இகழ்தல் முறையன்று என்பர். இத்தடை வலியுடையதே. காலத்தை மறந்து நூலைக் குறைகூறுதல் திறனாய்வு ஆகாது.

ஆயினும் நூல்கள் தாம் பிறந்த இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. பாயிரம் இன்று தமிழாசிரியர் ஆவார் அனைவருக்கும் பாடம். மாணாக்கரின் வகைகளை உவமையோடு விளக்குக என்னும் வினாவுக்கு விடை எழுதித் தேறியவரே பின்னர்ப் பள்ளி வகுப்பினுள் புகுகின்றனர். வீட்டில் முதன்முதல் எழுத்தறிந்த பிள்ளையும், செவிக்குறையுடைய பிள்ளையும், எழுத்துக்கள் இடம்மாறித் தோன்றும் கற்றற்குறைபாடுடைய பிள்ளையும் அவர்முன் அமர்ந்திருக்கின்றனர். எருமை, மந்தன் என்னும் சொற்கள் ஆசிரியர் நாவில் ஆயத்தமாக இருப்பின், இலக்கணம் அவருக்குத் தந்தது யாது? இதுபற்றியே இவ்வாராய்ச்சி வேண்டப்படுகின்றது.

செட்டிநாட்டுச் சான்று

இதற்கு நம் வட்டாரமே சான்று தரும். மகிபாலன்பட்டியில் 1881இல் பிறந்த பண்டிதமணி மு. கதிரேசனார் இளமையிலேயே வாத நோயால் கால் நலிவுற்றவர். திண்ணைப் பள்ளியில் அவர் பயின்றது சில மாதங்களே. பட்டியலின்படி நோக்கின் அவர் பிணியாளர். பள்ளிக் கணக்கின்படி நோக்கின் படிப்பை விட்டவர். அவரே தமிழும் வடமொழியும் துறைபோகக் கற்று, 1909இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை தோன்றக் காரணமாகி, மிருச்சகடிகத்தை மண்ணியல் சிறுதேர் எனத் தமிழாக்கி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் வீற்றிருந்து, 1942இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும் பெற்றார். அவரது அரவணைப்பில் வளர்ந்த வ. சுப. மாணிக்கனார் காரைக்குடி அழகப்பர் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கினார். காரைக்குடியில் பள்ளித் தமிழாசிரியராய் இருந்த கவிஞர் முடியரசன் பண்டிதமணியின் வாழ்வைக் காப்பியமாக்கி 'ஊன்றுகோல்' எனப் பெயரிட்டார். அப்பெயர் ஆசிரியத் தொழிலுக்கும் பொருந்தும்.

பண்டிதமணியின் உயர்வைக் காட்டி, 'குறையிருப்பினும் முயன்றவர் வென்றனரே' என்று அமைதி கொள்ளுதல் பிழையாகும். அவர் கற்றது பெரும்பாலும் பள்ளிக்கு வெளியே. குடும்ப வளமும் புலவர் தொடர்பும் அவருக்குக் கைகொடுத்தன. அவையில்லாத பிள்ளைக்குப் பள்ளி ஒன்றே வாயில். அவ்வாயிலை அடைக்கும் பட்டியல் எத்துணைக் கதிரேசர்களைத் தமிழுக்கு இழப்பாக்கியிருக்கும் என்று எண்ணுதல் வேண்டும்.

அரும்பும் அன்னமும்

2022-23ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. அதன்கண் பிள்ளைகளின் கற்றல்நிலை அரும்பு, மொட்டு, மலர் என மூன்றாக வகுக்கப்படுகின்றது. நன்னூலும் மூன்றாகவே வகுத்தது. வேறுபாடு எண்ணில் இல்லை, உவமையில் உள்ளது. எருமை எந்நாளும் அன்னம் ஆகாது. அரும்போ மொட்டாகி மலராவது இயற்கை. முன்னது மாணாக்கனின் இயல்பைப் பெயரிட்டது. பின்னது அவன் நிற்கும் படியைப் பெயரிட்டது.

எனினும் பெயர் மாறியதனாலேயே அறம் நிலைபெற்றுவிடாது. ஆண்டு முழுதும் ஒரு பிள்ளை அரும்பு வரிசையிலேயே அமர்த்தப்பட்டு, ஏனையோரால் அப்பெயரால் அழைக்கப்படின், அரும்பு என்பதும் நாளடைவில் பொள்ளற்குடத்தின் மறுபெயராகும். பகுப்பு ஆசிரியனின் முயற்சியை நெறிப்படுத்தும் கருவியாக இருத்தல் வேண்டும். பிள்ளையின் நெற்றியில் ஒட்டும் முத்திரையாதல் கூடாது. குறையுடையாரும் இல்லாரும் ஒருங்கு கற்பதையும், பலதிறத்து மாணவர்க்கு ஏற்பக் கற்பிக்கும் முறை மாற்றியமைக்கப்படுவதையும் 2016ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளடங்கிய கல்வியின் இலக்கணமாகக் கூறுகின்றது. இவற்றுள் இரண்டாவது, ஏற்பவன் திறமறிந்து வழங்குக என்ற பவணந்தியார் விதியே. முதலாவது அவர் விலக்கியது.

முடிவுரை

ஆகவே பொதுப்பாயிரத்தை முழுவதும் கொள்ளுதலும் முழுவதும் தள்ளுதலும் வேண்டா. கற்பிக்கும் முறையும் கற்கும் முறையும் கூறும் பகுதிகள் இன்றும் ஆசிரியர்க்கு வழிகாட்டத்தக்கவை. மாணாக்கனை விலக்கும் பகுதி ஒரு காலத்தின் வரலாற்றுச் சான்றாகப் பயிலத்தக்கதேயன்றி விதியாகக் கொள்ளத்தக்கதன்று. முதுகலை வகுப்பில் இப்பகுதியை நடத்துவோர் நச்சினார்க்கினியர் காட்டும் பாடல்களையும் உடன்வைத்து ஒப்பிட்டு நடத்துதல் நலம். அங்ஙனம் பயின்றவர், நெய்யரியைப் பற்றி இருவர் இருவாறு கூறினமையை நினைவில் கொண்டு வகுப்பினுள் புகுவர். மாணாக்கன் ஒருவனைக் கடையன் எனத் துணியுமுன் மூன்றாம் முறையும் ஒருகால் சொல்லிப் பார்ப்பர்.