ஒளியிடும் குறியை எவ்வளவு நம்பலாம்?

இரத்தச் சிவப்பணுவின் சவ்வு மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கு. அதில் பதிந்துள்ள புரதங்களுள் எது வெளியே தலை நீட்டுகிறது, எது உட்புறம் மறைந்திருக்கிறது என்பதை எவ்வாறு அறிவது? ஒளியால் தூண்டப்படும் சேர்மங்களைக் கொண்டு குறியிடுவது ஒரு வழி. இதை நிழற்படம் எடுப்பதற்கு ஒப்பிடலாம். ஆனால் அந்த ஒப்புமை எதுவரை செல்லும்?

1974-இல் ஸ்டாரோஸ், ரிச்சர்ட்ஸ் ஆகியோர் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். அவர்கள் கையாண்டது நாப்-டாரின் என்னும் அசைடுச் சேர்மம். இருட்டில் இது சாது. ஒளி பட்டதும் நைட்ரஜன் பிரிந்து, நைட்ரீன் என்னும் தீவிர வினைப்பொருள் தோன்றி, அருகிலுள்ள மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும். சேர்மத்தில் கதிரியக்க அணு இருப்பதால், ஒட்டிய புரதத்தைக் கண்டுபிடித்துவிடலாம். மின்சுமையுள்ள இச்சேர்மம் கொழுப்புப் படலத்தை எளிதில் ஊடுருவாது. ஆகவே குறி பெற்றவை வெளிப்புறப் புரதங்களே என்பது வாதம்.

இவ்வாதம் எப்போதும் பொருந்துமா? பொருந்தாது. 0 டிகிரி செல்சியசில் வெளியே நிற்கும் சேர்மம், 37 டிகிரியில் உள்ளே புகுகிறது. எதிர்மின் அயனிகளைக் கடத்தும் 'பட்டை 3' என்ற புரதம் அதற்கு வழிவிடுகிறது. இக்குறையையே 1975-இல் அவர்கள் ஹேலியுடன் சேர்ந்து கருவியாக்கியது பாராட்டத்தக்கது. சேர்மத்தை உள்ளே புகவிட்டு, வெளியே மிஞ்சியதை அகற்றி, பின்னர் ஒளி பாய்ச்சி உட்புறத்தைக் குறியிட்டனர்.

மற்றொரு குறை இவ்வளவு எளிதில் தீராது. நைட்ரீன் எதிர்ப்பட்டதையெல்லாம் பற்றும் என்பது மிகைக் கூற்று. பென்சீன் வளையத்தோடு இணைந்த நைட்ரீன்கள் பல, கணத்தில் வடிவம் மாறி, அமீன் போன்ற தொகுதிகளையே விரும்பிச் சேர்கின்றன. கொழுப்புப் படலத்தினுள் பீனைல் நைட்ரீன் திருப்திகரமாகக் குறியிடவில்லை என்பதை பெய்லி, நோல்ஸ் ஆகியோரின் 1978-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. கார்பீன் தரும் சேர்மங்கள் அங்கே மேலானவை.

எனவே நிழற்பட ஒப்புமை பாதிதான் சரி. நிழற்படத் தகடு தன்முன் உள்ள எல்லாவற்றையும் பதிக்கும்; இக்குறியோ தனக்கு இணங்கியவற்றையே பதிக்கிறது. குறி விழுந்த புரதம் சேர்மத்தின் கைக்கெட்டியது எனலாம். விழாத புரதம் மறைந்திருக்கிறது என்று முடிவு கட்ட இயலாது.

இத்தகைய ஆய்வைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இருட்டில் வைத்த மாதிரியில் குறி விழுந்ததா? வெப்பநிலை என்ன? வேறு வகைச் சேர்மமும் இதே முடிவைத் தந்ததா? விடை கிடைத்த பிறகு, பாடநூலில் உள்ள சவ்வுப் படத்தை மறுபடி பாருங்கள்.