வித்தை எங்கிருந்து வந்தது?

விண்வெளி சாகசப் படங்களில் வரும் வீரர்களைப் பற்றி ஒரு சர்ச்சை நெடுநாளாக நடந்துகொண்டிருக்கிறது. 2015 டிசம்பரில் ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ வெளிவந்தபோது அது முற்றியது, இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. அந்தப் படத்தில் ரே என்றொரு பெண் வருகிறாள். பாலைவனக் கிரகம் ஒன்றில் நொறுங்கிக் கிடக்கும் போர்க் கப்பல்களுக்குள் புகுந்து, உபயோகப்படும் பாகங்களைக் கழற்றி விற்று, அந்தக் கூலியில் வயிறு கழுவுகிறவள். தாய் தகப்பன் இல்லை, ஆசான் இல்லை. அப்பேர்ப்பட்டவள் படம் முடிவதற்குள் ஒரு பெரிய விண்கப்பலை ஓட்டுகிறாள். காவல்காரன் மனசை வசப்படுத்திச் சிறையிலிருந்து தப்புகிறாள். ஒளிவாள் வித்தையில் தேர்ந்த ஒருவனை வாட்போரில் வீழ்த்துகிறாள். இது நம்பும்படியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இல்லை என்கிறவர்கள் உடனே லூக் ஸ்கைவாக்கரைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். 1977-இல் ஜார்ஜ் லூகாஸ் எடுத்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் நாயகன் அவன். அவன் குருவிடம் கற்றான், தோற்றான், ஒரு கையை இழந்தான், பிறகுதான் ஜெயித்தான். இவளோ கற்காமலே ஜெயிக்கிறாள் என்பது வாதம். எதிர்க்கட்சிக்காரர்கள், “ஆணாக இருந்தால் நீங்கள் வாய் திறந்திருப்பீர்களா?” என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறார்கள். இரு தரப்பிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இருவருமே எத்தனை நாள் பயிற்சி என்று கணக்குப் பார்ப்பதில்தான் முனைந்திருக்கிறார்கள். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்தக் கணக்கு அவ்வளவு முக்கியமாகப் படுவதில்லை.

ரேயின் மேல் வீசும் வசைச் சொல்லுக்கு ‘மேரி ஸூ’ என்று பெயர். அதன் பூர்வோத்தரம் சுவையானது. 1966 முதல் 1969 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடர் வந்தது. அதன் ரசிகர்கள் தாங்களே கதைகள் புனைந்து சிறு பத்திரிகைகளில் வெளியிட்டு வந்தார்கள். கதைக்குக் கதை ஒரு இளம் பெண் கப்பலில் வந்து ஏறுவாள். எல்லாரும் அவளிடம் மயங்குவார்கள். எல்லா ஆபத்தையும் அவளே தீர்ப்பாள். இதைப் படித்துச் சலித்துப்போன பாலா ஸ்மித் என்ற அம்மாள் 1973-இல் கேலியாக ஒரு குட்டிக் கதை எழுதினார். அதில் வரும் கடற்படை லெப்டினன்ட்டுக்குப் பதினைந்தரை வயசு, பெயர் மேரி ஸூ. நல்ல கேலி. எழுதுகிறவள் தன் ஆசையையே பாத்திரமாக்கி உலவவிடுவதைக் குத்திக்காட்டியது. இன்றைக்கு அந்தப் பெயர் கெட்டிக்காரப் பெண் எவள் திரையில் வந்தாலும் அவள் முதுகில் ஒட்டும் சீட்டாகிவிட்டது. 2009-இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’ படத்தில் கிர்க் என்ற மாணவன், பரீட்சையில் தில்லுமுல்லு செய்ததற்காக விசாரணையில் இருப்பவன், படம் முடிவதற்குள் கப்பலுக்கே கேப்டனாகிவிடுகிறான். அதற்கு இத்தனை கூச்சல் எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

லூக்கின் வழக்குக்கு வருவோம். மூத்த குருவான யோடாவிடம் கற்றதும், கை போனதும் 1980-இல் வந்த இரண்டாவது படத்தில். முதல் படத்தில் அவன் பெற்ற பாடம் என்ன? கப்பலில் போகும்போது, கண்ணை மறைத்த தலைக்கவசத்தோடு நின்று, காற்றில் மிதக்கும் ஒரு உருண்டை சுடுவதை வாளால் தடுக்கிறான். சில நிமிஷக் காட்சி. பாடம் சொன்ன பெரியவரும் சீக்கிரமே கொல்லப்பட்டுவிடுகிறார். பிறகு இந்தப் பட்டிக்காட்டுப் பையன், படத்தில் அதற்குமுன் தொட்டுக்கூடப் பார்த்திராத போர் விமானத்தில் ஏறி, டெத் ஸ்டார் என்ற பிரம்மாண்டமான கோட்டையில் இரண்டு மீட்டர் அகலமே உள்ள துவாரத்தைக் குறி தவறாமல் அடிக்கிறான். பயிற்சியை மணிக் கணக்கில் அளந்தால் லூக்கும் தேறமாட்டான்.

ஆனாலும் ஜனங்கள் நம்பினார்கள். காரணம், லூகாஸ் முன்கூட்டியே சில விதைகளைத் தூவிவிட்டிருந்தார். வீட்டுக் கொட்டகையில் பையன் ஒரு பொம்மை விமானத்தைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டே தன் மனக்குறையைச் சொல்கிறான். பெரியவர் பென் கெனோபி, அவன் நல்ல விமானியாகிவிட்டதாகக் கேள்விப்பட்டதைப் போகிற போக்கில் குறிப்பிடுகிறார். துறைமுகத்துக் குடிக்கடையில், தானும் மோசமான ஓட்டி இல்லை என்று அவனே வீம்பு பேசுகிறான். எல்லாவற்றிலும் உசத்தியானது போருக்கு முந்தின கூட்டத்தில் வருகிறது. இரண்டு மீட்டர் துவாரத்தை அடிப்பது நடக்காத காரியம் என்று ஒருவன் சொல்ல, தன் ஊரில் அதைவிட அதிகம் பெரிதில்லாத எலிகளைப் பறந்தபடியே சுட்டிருப்பதாக லூக் சொல்கிறான். பெருமைக்குச் சொல்லவில்லை. ஊர்ப் பையன் ஊர்ப் பழக்கத்தைச் சொல்கிற தொனி. அந்த எலி ஒன்று போதும். 1997-இல் படத்தைச் செப்பனிட்டு மறுபடி வெளியிட்டபோது, பால்ய சிநேகிதன் பிக்ஸ் விமானத் தளத்தில் லூக்கின் திறமைக்குச் சிபாரிசு சொல்லும் ஒரு காட்சியையும் சேர்த்தார்கள். எனக்கு அது வேண்டாத சேர்க்கையாகவே படுகிறது. எலி செய்த வேலையைச் சர்டிபிகேட் செய்யாது.

இன்னொன்றும் உண்டு. லூக்குக்கு முன்னால் படைத் தலைவனே குறிபார்த்துச் சுடுகிறான். குண்டு உள்ளே போகாமல் மேற்பரப்பில் வெடித்துவிடுகிறது. கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக மடிகிறார்கள். பிக்ஸும் மடிகிறான். வேடர் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்ட கட்டத்தில், போய்விட்டான் என்று நினைத்த ஹான் ஸோலோ திரும்பி வந்து காப்பாற்றாவிட்டால் லூக்கும் தீர்ந்தான். காரியம் எவ்வளவு கஷ்டம் என்று நமக்குக் காட்டிவிட்டு, அதன் பிறகே அவனைச் சுடவிடுகிறார்கள்.

சினிமாவை விட்டுவிட்டு, நிஜமாகவே விண்வெளிக்குப் போனவர்களைப் பார்ப்போம். 1963 ஜூன் 16-ஆம் தேதி வோஸ்தோக்-6 கலத்தில் ஏறிப் பூமியை 48 முறை சுற்றி வந்த வாலன்டினா தெரஷ்கோவா ஒரு ஆலைத் தொழிலாளி. பஞ்சாலைப் பெண் விண்வெளிக்குப் போனாள் என்று நான் கதை எழுதி அனுப்பினால் பத்திரிகாசிரியர் சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்புவார். ஆனால் அந்தப் பெண் தன் ஊர்க் கழகத்தில் பாராசூட் கட்டிக்கொண்டு குதித்துப் பழகியவள். வோஸ்தோக் கலம் பெரும்பாலும் தானாகவே இயங்கும்படி அமைந்தது. திரும்பும்போது மட்டும், சுமார் ஏழு கிலோமீட்டர் உயரத்தில் பிரயாணி வெளியே எறியப்பட்டுத் தனியாகப் பாராசூட்டில் இறங்கவேண்டும். அவளுடைய பொழுதுபோக்கும் அந்தப் பிரயாணத்தின் கடைசிக் கண்டமும் பூட்டும் சாவியுமாகப் பொருந்திவிட்டன. இதைச் சொன்னதும் பஞ்சாலை உறுத்துவதில்லை. அதற்குப் பிறகு அவள் பெற்ற ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட பயிற்சிகூட எனக்கு இரண்டாம்பட்சம்தான்.

நீல் ஆர்ம்ஸ்ட்ராங் விஷயமும் அப்படியே. பதினாறாவது பிறந்த நாளில் விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கியவர். கொரியா யுத்தத்தில் 78 முறை பறந்தவர். வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவர்கள் இவற்றைத்தான் அடுக்குவார்கள். நான் கதை எழுதினால் 1968 மே 6-ஆம் தேதியை எடுத்துக்கொள்வேன். சந்திரனில் இறங்குவதற்குப் பழக்கும் யந்திரம் அன்று நடுவானில் கட்டுக்கடங்காமல் சாய்ந்தது. கடைசி நேரத்தில் ஆசனத்தோடு தம்மை வெளியே எறிந்துகொண்டு உயிர் தப்பினார். யந்திரம் விழுந்து எரிந்தது. மறு வருஷம் ஜூலை 20 அன்று, கம்ப்யூட்டர் கொண்டுபோய் இறக்கப் பார்த்த இடம் பாறைக்காடாக இருக்க, கலத்தைத் தம் கைக்கு மாற்றிக்கொண்டு அப்பால் நகர்த்திச் சென்று இறக்கினார். அந்தக் கை எரிந்துபோன யந்திரத்தை அறிந்த கை என்பது தெரிந்தால், படிப்பவனுக்கு மூச்சுத் திணறும். 78 என்ற எண்ணுக்கு அந்தச் சக்தி இல்லை.

இதை நன்றாக உணர்ந்து எடுத்த படம் ஜேம்ஸ் கேமரூனின் ‘ஏலியன்ஸ்’, 1986-இல் வந்தது. அதில் ரிப்ளி என்ற பெண்மணி கடைசியில் ஆள்போல் நடக்கும் ஒரு பாரந்தூக்கி யந்திரத்துக்குள் புகுந்துகொண்டு ராட்சத ஜந்துவோடு மல்லுக்கு நிற்கிறாள். வீராங்கனை என்பதால் அல்ல. பிழைப்புக்காகச் சரக்குத் துறையில் அந்த யந்திரத்தை ஓட்டியவள். படத்தின் ஆரம்பத்தில், சும்மா நிற்கப் பிடிக்காமல் ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டு, ஒரு பெட்டியைத் தூக்கிக் காட்டுகிறாள். சிப்பாய்கள் சிரிக்கிறார்கள், நாமும் மறந்துவிடுகிறோம். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்து அந்த யந்திரம் வெளியே வரும்போது, ‘அட, ஆமாம்!’ என்று நம் மனசே சாட்சி சொல்கிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், ரேயைப் பரிகசிக்கிறவர்கள் அவசரப்பட்டிருக்கிறார்கள் என்றே சொல்வேன். அவள் முதன்முதலில் கப்பலைக் கிளப்பும்போது அது தரையில் உரசி, வாசல் வளைவில் மோதி, குடித்தவன் மாதிரி தள்ளாடுகிறது. பிறகு அவள் எங்கே புகுந்து எதிரியைத் திணறடிக்கிறாள்? பிடுங்கி விற்றுப் பிழைக்கும் அதே உடைந்த கப்பலின் வயிற்றுக்குள். அங்கே சந்து பொந்து அவளுக்குத்தான் தெரியும். கப்பலில் ஒரு கருவி தப்பாகப் பொருத்தப்பட்டிருப்பதைச் சட்டென்று சொல்கிறாள். அதைப் பொருத்தியவனிடம்தான் அவள் இத்தனை வருஷம் கூலிக்கு உழைத்தாள். துப்பாக்கியை முதலில் சுடும்போது பூட்டை எடுக்க மறந்துவிடுகிறாள். கதவை மூடப் போய், தப்பான ஃபியூஸை மாற்றி, பயங்கர மிருகங்களை அவிழ்த்துவிட்டுவிடுகிறாள். கடைசி வாட்போரில்கூட, எதிரி கைலோ ரென் விலாவில் குண்டடிபட்டு இரத்தம் சொட்ட நிற்கிறான்; அவளோ சின்ன வயசு முதல் கழி சுற்றித் தன்னைக் காத்துக்கொண்டவள். பாதிச் சண்டைக்கு மேல் பின்வாங்கி ஓடுகிறாள். இவ்வளவையும் டைரக்டர் ஜே. ஜே. ஏப்ரம்ஸ் காட்டத்தான் காட்டுகிறார். ஆனால் மனுஷருக்குப் பொறுமை கிடையாது. ஒவ்வொன்றையும் காட்டி, நம் மனசில் தங்குவதற்குள் அடுத்ததற்கு ஓடிவிடுகிறார்.

ஒரே இடத்தில்தான் என்னால் ஒப்ப முடியவில்லை. காவல்காரன் மனசை வசப்படுத்தும் காட்சி. முதலில் பலிக்காமல் திரும்பச் சொல்லிப் பார்த்துத்தான் பலிக்கிறது என்கிறார்கள். கைலோ ரென் தன் மனத்துக்குள் புகுந்ததிலிருந்து கற்றுக்கொண்டாள் என்றும் சொல்கிறார்கள். இருக்கட்டும். அவளுக்கு அந்தச் சக்தி இருக்கலாம். ஆனால் அப்படி ஒரு வித்தை உலகத்தில் உண்டு என்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது? லூக் ஸ்கைவாக்கரே வெறும் கட்டுக்கதை என்று அன்றுவரை நினைத்திருந்தவள் ஆயிற்றே! அது நமக்குத் தெரியும். 1977-இல் பென் கெனோபி செய்து பார்த்திருக்கிறோம். நமக்குத் தெரிந்ததைப் பாத்திரத்தின் தலைக்குள் திணித்துவிட்டார்கள். திறமை மிகுந்துபோனதால் வந்த குறையல்ல இது. ஆசிரியரின் கை உள்ளே நுழைந்துவிட்டதால் வந்த குறை. கிழவி ஒருத்தி பழங்கதையாக அந்த வித்தையை அவளிடம் முன்பே சொல்லியிருந்தால் தீர்ந்தது.

பிறவித் திறமை என்று வந்துவிட்டால் பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். 1999-இல் வந்த ‘தி ஃபேன்டம் மெனஸ்’ படத்தில் அப்படித்தான் செய்தார்கள். அனகின் என்ற ஒன்பது வயசுச் சிறுவனின் இரத்தத்தைச் சோதித்து, அதில் உள்ள நுண்ணுயிர்கள் இருபதாயிரத்துக்கு மேல் என்று அறிவித்தார்கள். அந்த எண்ணைக் கேட்டு யாருக்காவது புல்லரித்ததா? அதே படத்தில் அவன் தானே கட்டிய பந்தய வண்டியில் ஜெயிப்பது நம்பும்படி இருக்கிறது. அதற்குமுன் அவன் ஒரு பந்தயத்தைக்கூட ஓடி முடித்ததில்லை. கடைசியில் தவறுதலாக ஒரு போர் விமானத்தில் பறந்து, தவறுதலாகவே எதிரியின் கப்பலைத் தகர்ப்பது நம்பும்படி இல்லை. இருபதாயிரம் என்ற எண் அங்கே கைகொடுக்கவே இல்லை. நம் பாரதத்தில் அபிமன்யுவும் கருவிலேயே வித்தை கற்றவன்தான். அவனை ஏன் இத்தனை தலைமுறையாக நம்புகிறோம்? வியூகத்துக்குள் நுழையும் வழி மட்டும் தெரியும், வெளியே வரத் தெரியாது. அந்தப் பாதி வித்தையில்தான் பிள்ளையின் உயிர் இருக்கிறது.

ரேயின் விஷயத்தில் என் உண்மையான குறை 2015-ஆம் வருஷப் படத்தோடு அல்ல. 2017-இல் ரியான் ஜான்சன் எடுத்த அடுத்த படத்தில், அவளுடைய பெற்றோர் குடிகாசுக்கு அவளை விற்ற யாரோ அற்பர்கள் என்று சொல்லப்பட்டது. எனக்கு அப்போது நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. ஆக, அவளிடம் உள்ளதெல்லாம் அவளுடையது! 2019-இல் வந்த ‘தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’ அதை மாற்றிவிட்டது; அவள் பால்படீன் சக்கரவர்த்தியின் பேத்தி என்றது. எப்படி இவ்வளவு சக்தி என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிவிட்ட திருப்தி அவர்களுக்கு. இரத்தம்! காடுமேடெல்லாம் திரிந்து வித்தை கற்ற ஏழைப் பெண்ணை, அரண்மனையிலிருந்து தொலைந்துபோன ராஜகுமாரி என்று கடைசி அத்தியாயத்தில் சொல்லி முடிக்கும் பழைய தந்திரம். நம் தொடர்கதைகளிலும் இதைப் பார்த்துச் சலித்துவிட்டோம்.

அதற்குப் பிறகு முதல் படத்தை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். அந்தப் பெண் கயிற்றில் தொங்கிக்கொண்டு கப்பலின் இருட்டுக்குள் இறங்குகிறாள். கழற்றிய பாகங்களைச் சந்தையில் உட்கார்ந்து தேய்த்துச் சுத்தம் செய்கிறாள். எதிரே ஒரு கிழவி, இவளைப் போலவே, அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள். ரே தலை நிமிர்ந்து அவளைச் சற்று நேரம் பார்க்கிறாள். பிறகு எழுந்து போய்ச் சாமான்களைக் கடைக்காரனிடம் நீட்டுகிறாள். அன்றைய உழைப்புக்கு அவன் தருவது கால் பங்கு உணவு.